வட்டியில் எழுந்த பள்ளிக்கூடம்

சிதம்பரம் கிழக்குக் கோபுரத்தில் பச்சையப்ப முதலியாருக்குச் சிலை உண்டு. உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வழியாகத் தரிசனத்துக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் பலர் நிமிர்ந்து பார்க்காமலே அதைக் கடந்துவிடுகிறார்கள். அவர் பெயரிலுள்ள கல்லூரியில் படித்தவன் நான். துணைக்கு வருபவர்களை நிறுத்தி, அவர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

பச்சையப்பர் தந்தையை இழந்த குடும்பத்தில் 1754இல் பிறந்தவர். நாராயண பிள்ளை என்ற துபாஷின் ஆதரவில் வளர்ந்து, பிறகு தாமே துபாஷாகிப் பெரும் பணம் ஈட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் இடையே நின்று பேரம் முடித்துக்கொடுக்கிற தொழில் அது. 1794 மார்ச் கடைசியில் திருவையாற்றில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பதுதான். சாவதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதிவைத்தார். அதில் கோயில் தர்மங்களுக்கு மட்டும் லட்சம் வராகன்.

எழுதிவைத்தால் நடந்துவிடுமா? சொத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்குள் பூசல், கட்டளைகள் நின்றுபோயின. அந்தக் காலத்து அறங்கள் பலவற்றுக்கும் நேர்ந்த கதிதான் இது. ராமேசுவரம் போகும் பாதையெங்கும் வழிப்போக்கருக்குச் சோறு போடச் சத்திரம் கட்டி நிலம் எழுதிவைத்தார்கள். நிலத்தின் வருமானம் வேறு கைகளுக்குப் போனதும் சத்திரத்து அடுப்பு அணைந்தது. இதைத் தடுக்கத்தான் 1817இல் கம்பெனி அரசு ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அறக்கொடைகளை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது.

பச்சையப்பர் சொத்து விவகாரம் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்ப் பல்லாண்டுகள் இழுத்தது. இழுத்ததிலும் ஒரு நன்மை விளைந்தது: வட்டி குட்டி போட்டது. கோயில் கட்டளைகளுக்கு ஒதுக்கியதுபோகப் பெருந்தொகை மிஞ்சியது. அதைக் கல்விக்குத் திருப்ப வேண்டும் என்று முனைந்து நின்றவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். நீதிமன்றம் திட்டம் வகுக்க, உள்ளூர்ப் பெரியவர்கள் தர்மகர்த்தாக்களாக, 1842 ஜனவரியில் பிராட்வேயில் பள்ளி திறந்தது. இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, கிரேக்கக் கோயிலின் தூண்களோடு பச்சையப்பன் மண்டபம் 1850இல் எழுந்தது. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் பள்ளிகள் வந்தன. 1889இல் சென்னைப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. ராமானுஜனும் அண்ணாவும் அங்கே படித்தவர்கள்.

கல்வி உயிலில் இல்லாததுதானே என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிலிலேயே இல்லாத பூசலுக்குக் கரைய இருந்த பணம் அது. பிள்ளைகளின் படிப்புக்குப் போனதைவிடப் பெரிய தர்மம் எனக்குத் தெரியவில்லை. குறையும் இருந்தது, மறைக்க மாட்டேன். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இடமில்லை. இந்து அல்லாதவர்களுக்கு 1947 வரை கதவு திறக்கவில்லை. சென்னை நகரத்தின் நன்மைக்கென்று நின்ற பணம் நகரத்தில் பலரை வாசலிலேயே நிறுத்தியது. அந்த நூறு வருஷத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

எங்கள் ஊரில் கொடுக்கிற மனசுக்குப் பஞ்சமில்லை. திருப்பணி, அன்னதானம், பள்ளிக்கு மின்விசிறி என்று ரசீதுப் புத்தகத்தோடு போனால் கடைக்காரர்கள் யாரும் வெறுங்கையாய் அனுப்புவதில்லை. ஆனால் தர்மத்துக்குக் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பது பாவம் என்று நினைக்கிறார்கள். மிஞ்சினால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைப்பதும் இல்லை. ஒவ்வொரு குழுவிடமும் நான் கேட்பது இரண்டே வரி: மிச்சம் எந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போகும் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி, வருஷக் கணக்கை எந்தச் சுவரில் ஒட்டுவார்கள் என்று இன்னொரு வரி.