மடனும் நிரலும்: கணிப்பொறி புனைந்த நகைக்கதைகள்

1. முன்னுரை

நகைக்கதைகளைக் கணிப்பொறி நிரலால் உருவாக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றைத் தமிழ் மரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுக்கிறது. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது பிறர் அறிவுறுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல். இவ்விரண்டும் நிரல்களின் வரலாற்றை விளக்கப் பெரிதும் பயன்படுகின்றன.

2. நிரல்வழிக் கதைகள்

1952இல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் காதற் கடிதங்களை உருவாக்கினார். அவை வாய்பாட்டில் சொற்களை நிரப்பியவை, கதையல்ல. 1973இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் கிளைன் குழுவினர், 2,100 சொற்கள் கொண்ட கொலைக்கதையை 19 நொடிகளில் எழுதும் நிரலை அறிவித்தனர்.

நகைக்கு உரிய சான்று, யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மீகன் உருவாக்கிய ‘டேல்-ஸ்பின்’ (1976) ஆகும். ஈசாப்பு கதை போன்றவற்றைப் புனைவதே அதன் நோக்கம். தேன் வேண்டிய கரடியிடம், மரத்தில் தேன்கூடு இருப்பதாகப் பறவை கூறுகிறது. தேன் இருக்குமிடத்தைச் சொல்லாவிட்டால் அடிப்பேன் என்கிறது கரடி. தேன்கூட்டில் தேன் இருக்கும் என்பதை எவரும் நிரலுக்குக் கற்பிக்கவில்லை. பிறிதொரு கதையில் எறும்பு ஆற்றில் விழ, புவியீர்ப்பு மூழ்கி இறக்கிறது. எறும்பை ஆற்றுக்குள் நகர்த்தியது புவியீர்ப்பு எனக் கொண்டமையால் அதுவும் ஆற்றுக்குள் சென்றதாயிற்று. நீந்தக் காலோ, பறக்கச் சிறகோ, காக்க நண்பரோ அதற்கில்லை. முன்னது பேதைமை, பின்னது மடன். நிரலின் பிழைகளாக மீகன் பதிவுசெய்த இவையே பிற்காலத்தார் விரும்பிப் படித்தவை.

3. பரமார்த்த குருவும் சீடரும்

வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய பரமார்த்த குருவின் கதையில் இதே அமைப்பைக் காணலாம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் பெயர்களே மெய்ப்பாட்டியலை நினைவூட்டுகின்றன. ஆற்றைக் கடந்தபின் எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவர் ஆற்றோடு போயினார் என அனைவரும் அழுகின்றனர். எண்ணும் விதி சரியே. எண்ணுபவனும் எண்ணப்பட வேண்டியவன் என்னும் ஓர் அறிவு மட்டும் இல்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எந்த அறிவை நீக்கினால் நகை பிறக்கும் என வீரமாமுனிவர் அறிந்திருந்தார், டேல்-ஸ்பின் அறியவில்லை. அங்கு மடன் பாத்திரத்துக்குரியது. இங்கு ஆசிரியனுக்கே உரியது.

4. சொல்வழி நகை

பிழையை நம்பாமல் விதியால் நகையைப் படைக்க முயன்றது, எடின்பரோவில் கிம் பின்ஸ்டெட், கிரேம் ரிச்சி ஆகியோர் 1994இல் உருவாக்கிய ‘ஜேப்’ என்னும் விடுகதை நிரல். ஒலியொப்புமையுடைய சொற்களை அகராதியிலிருந்து தேர்ந்து வினாவும் விடையும் அமைத்தது அது. இம்முறை ஆங்கிலச் சொல்லமைப்பைச் சார்ந்தது. தமிழில் ‘தாமரை’ பூவாகவும், தா+மரை எனப் பிரிந்து தாவும் மானாகவும் பொருள்படும். இத்தகைய பிரிமொழிச் சிலேடைக்கு அகராதி மட்டும் போதாது. புணர்ச்சியைப் பிரித்தறியும் பகுப்பாய்வியும் வேண்டும். சென்னை ஏயு-கேபிசி ஆய்வு மையத்தினர் 2009இல் வெளியிட்ட, மெட்டுக்குப் பாட்டெழுதும் நிரல், குறில், நெடில், மெய் என்னும் தமிழ் எழுத்திலக்கணத்தையே அடிப்படையாகக் கொண்டது. நகைக்கதைக்கும் இவ்வழியே ஏற்புடையது.

5. முடிவுரை

இன்றைய பெருமொழி மாதிரிகள் தேன்கூட்டுப் பிழையைச் செய்வது அரிது. ஆயினும் 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாட்ஜிபிடி தந்த 1,008 நகைத்துணுக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அதே 25 துணுக்குகளாகவே இருந்தன. பேதைமை குறைந்தது, கொண்டதை விடாத மடன் நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத வேண்டும். ஸ்ரீ சிட்டி அமைந்துள்ள சத்தியவேட்டு வட்டாரம், 1960இல் செங்கல்பட்டு மாவட்டச் சிற்றூர்கள் பல ஆந்திரத்துடன் இணைக்கப்பட்ட எல்லைப் பகுதி. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இத்தகைய இடங்களில், ஒரு மொழியில் இயல்பான சொல் மறுமொழியில் சிரிப்பாகலாம். அந்நகை இருமொழியும் அறிந்தார் பேச்சில் உள்ளது. எழுத்தில் மிகச் சிறிதே. ஸ்ரீ சிட்டியில் 2013 முதல் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் ஒன்றும் இயங்கிவருகிறது. நிரலுக்குக் கற்பிக்க வேண்டிய நகை அதன் வாயிலிலேயே வழங்குகிறது. அதனைத் திரட்டித் தருவது மொழியியலார் கடமை. தவறின், பிறமொழித் துணுக்குகளின் பெயர்ப்பே தமிழ் நகையாக நிலைத்துவிடும்.