மஞ்சள் நிறத்தின் பின்னால்

1986 பிப்ரவரியில் ஓரிரவு, ஊநீர்க் குப்பிகள் நிறைந்த ஐஸ் பெட்டியுடன் செல்லப்பன் நிர்மலா சென்னையிலிருந்து வேலூருக்கு ரயில் ஏறினார். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனின் மாணவி அவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் எலிசா முறையில் ஆராய்ந்தபோது, ஆறு ஊநீர்கள் மஞ்சள் நிறம் காட்டின. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி நுழைந்துவிட்டதற்கு அதுவே முதற் சான்று.

மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கிருமி நிறம் தருவதில்லை. எலிசாவின் வழக்கமான முறையில், குழியின் அடியில் கிருமியின் புரதம் பூசப்பட்டிருக்கும். ஊநீரில் அதற்குரிய எதிர்ப்பொருள், அதாவது இம்யூனோகுளோபுலின், இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி நீக்கியபின், மனித இம்யூனோகுளோபுலினையே பற்றும் இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்ப்பர். அதனுடன் இணைத்த நொதியே நிறத்தை உண்டாக்குகிறது.

இவ்விரண்டாம் எதிர்ப்பொருளை எப்படிப் பெறுவது? மனித இம்யூனோகுளோபுலினை ஆட்டுக்கு ஊசிமூலம் செலுத்தினால், அதன் உடல் அதை அந்நியப்பொருளாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கும். ஆனால் கிடைப்பது கலவை; ஆட்டுக்கு ஆடு வேறுபடும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டனர். எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலி அணுவை, ஓயாமல் பெருகும் புற்றணுவோடு இணைத்தனர். ஓர் இணைப்பணுவின் வழிவந்தவை யாவும் ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்பொருளையே சுரந்தன. இதுவே மானோக்ளோனல் எதிர்ப்பொருள். (அவர்கள் இதற்குக் காப்புரிமை பெறவில்லை, 1984இல் நோபல் பரிசு வந்தது.) மனித இம்யூனோகுளோபுலின் ஜி வகையின் நான்கு உட்பிரிவுகளைக்கூட இதனால் பிரித்தறியலாம்.

ஆயினும் பொய்யான நிறம் தோன்றுவதுண்டு. அதனால் ஒருவர் வாழ்வே குலையலாம். அதனால்தான் அந்த ஆறு பெண்களிடமும் மீண்டும் இரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதிசெய்தனர். அதன் பின்னரே செய்தி தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.