ஹிஜ்லி: சிறை கல்விச்சாலையான வரலாறு

மனிதர்க்கு மட்டுமன்றிக் கட்டடங்களுக்கும் பல பிறவிகள் உண்டு. அரண்மனையாக எழுந்தது அலுவலகமாகும். கோட்டையாக நின்றது கிடங்காகும். ஆயினும், புதுப்பிறவி எடுத்த பின்னும் தன் முற்பிறவியை மறவாது நிற்கும் கட்டடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு இரயிலேறிச் செல்லும் நம்மவர், ஹௌராவை அடைவதற்குச் சுமார் 115 கிலோமீட்டர் முன்னதாகக் கரக்பூர் சந்திப்பைக் கடக்கின்றனர். பெங்கால்-நாகபுரி இரயில்வேயின் பெரும்பட்டறையால் வளர்ந்த ஊர் அது. அப்பணியின் பொருட்டு வந்த தெலுங்கரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். அவ்வூரை அடுத்த செம்மண் நிலப்பகுதிக்கு ஹிஜ்லி என்று பெயர். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் மூத்ததாகிய கரக்பூர்க் கழகம், இன்று சுமார் 2,100 ஏக்கர் பரப்பில் அங்கேதான் அமைந்துள்ளது. அவ்வளாகத்துள், கோபுரத்தோடு கூடிய பழைய மாளிகை ஒன்று நிற்கிறது. அதுவே ஒரு காலத்தில் ஹிஜ்லித் தடுப்புக்காவல் முகாமாக இருந்தது.

‘சிறை’ என்னாது ‘தடுப்புக்காவல் முகாம்’ என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் தொழிலில் பழகிய நமக்கு இவ்விரு சொற்களின் வேறுபாடு நன்கு தெரியும். சிறையில் இருப்பவன் வழக்கு விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவனாகவோ, விசாரணையை எதிர்நோக்குபவனாகவோ இருப்பான். தடுப்புக்காவலில் இருப்பவனுக்கோ குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை, விடுதலையாகும் நாளும் இல்லை. 1930 ஏப்ரலில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கு தாக்கப்பட்ட பின்னர், வங்காளத்தில் அத்தகைய காவலுக்கு இடமளிக்கும் சட்டம் அவ்வாண்டே இயற்றப்பட்டது. பிடிக்கப்பட்ட இளைஞர்களை வைக்கச் சாதாரணச் சிறைகள் போதவில்லை. ஆகவே ஹிஜ்லி முகாம் திறக்கப்பட்டது. பெண்களுக்கெனத் தனிச்சிறை ஒன்றும் ஹிஜ்லியில் இருந்தது.

முகாம் தோன்றி ஓராண்டு கழிந்த அளவில், 1931 செப்டம்பர் 16-ஆம் நாள் இரவு, காவலர்கள் கைதிகளை நோக்கித் துப்பாக்கியால் சுட்டனர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேசுவர் சென்குப்தா என்னும் இருவர் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். ஆயுதமின்றி அடைபட்டிருந்தோர் மீது நடந்த இச்செயல் நாடெங்கும் கொதிப்பை மூட்டியது. மாண்டோரின் உடல்களைப் பெற்றுச் செல்ல சுபாஷ் சந்திர போஸ் ஹிஜ்லிக்கு வந்தார். எழுபது வயதை எட்டியிருந்த இரவீந்திரநாத் தாகூர், உடல் நலிவையும் பொருட்படுத்தாது, செப்டம்பர் 26-இல் கல்கத்தாப் பெருவெளியில் கூடிய கண்டனக் கூட்டத்தில் பேசினார். அரசாங்கமே நியமித்த விசாரணைக் குழுவும் அக்கண்மூடித்தனமான சூட்டுக்கு நியாயம் காணவில்லை. கல்கத்தாவில் இன்று சந்தோஷ் மித்ரா சதுக்கம் என வழங்கும் இடம் அவ்விருவருள் ஒருவரின் பெயரைத் தாங்கியதே.

1937-இல் முகாம் மூடப்பட்டது. 1940-இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1942-இல் முடிவாக மூடப்பட்டது. அப்போது உலகப்போர் கிழக்கே பரவியிருந்தது. 1944-இல் அமெரிக்க விமானப்படையின் 20-ஆவது குண்டுவீச்சுப் பிரிவு தன் தலைமையகத்தைக் கரக்பூரில் நிறுவி, இம்மாளிகையைப் பயன்படுத்தியது. சுற்றுவட்டாரத்து விமானத்தளங்களிலிருந்து பி-29 என்னும் பெருவிமானங்கள் பறந்து சென்றன. கைதிகள் அடைபட்ட சுவர்களுக்குள் தூரதேசத்துப் போரின் திட்டங்கள் தீட்டப்பட்டன. போர் ஓய்ந்தது; மாளிகை வெறுமையாயிற்று.

இதற்கிடையே, போருக்குப் பிந்திய இந்தியாவின் தொழில் வளர்ச்சிக்கு உயர்தரப் பொறியியற் கல்வி தேவை என்பது உணரப்பட்டது. நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் அமைந்த குழு, நாட்டின் நான்கு திசைகளிலும் நான்கு உயர் தொழில்நுட்ப நிலையங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவற்றுள் முதலாவது 1950-இல் கல்கத்தாவில் தோன்றி, அவ்வாண்டே ஹிஜ்லிக்கு மாறிற்று. வேதியியல் அறிஞர் ஞானசந்திர கோஷ் அதன் முதல் இயக்குநரானார். 1951 ஆகஸ்ட் 18-ஆம் நாள், கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதனை முறைப்படி தொடங்கி வைத்தார். முதல் ஆண்டில் 224 மாணவர்களும் 42 ஆசிரியர்களும் இருந்தனர். அவர்களுக்கு வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் அலுவலகமும் அந்தப் பழைய முகாம் மாளிகையே.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். விடுதலை பெற்ற மக்கள் அடிமை நாட்களின் சின்னத்தை இடித்துத் தள்ளியிருந்தால் வியப்பில்லை. நினைவாலயமாக்கிப் பூட்டி வைத்திருந்தாலும் குறை கூறுவாரில்லை. இவ்விரண்டையும் விடுத்து, அதனுள் கரும்பலகையையும் சோதனைக் குழாயையும் கொண்டு வைத்தனர். வறுமையும் அவசரமும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. புதிய கட்டடம் எழும்வரை காத்திருக்கப் புது நாட்டுக்குப் பொழுதில்லை. ஆனால் தேவையினால் செய்ததே பொருத்தமும் ஆயிற்று.

புதிய பிரதானக் கட்டடத்துக்கு 1952 மார்ச்சில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அதனை வடிவமைத்தவர் ஸ்விட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் வெர்னர் மோசர். பழைய மாளிகைக்கு ஒரு கோபுரம் இருந்தது போலவே இதற்கும் ஒரு கோபுரம் அமைந்தது. இது கட்டடத்துக்கு வேண்டிய நீர்த்தொட்டிகளைத் தாங்குவது. 1956 ஏப்ரலில் நடந்த முதற் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றிய நேரு, காவல் முகாம் இருந்த இடத்திலேயே நாட்டின் எதிர்காலம் உருவாவதைச் சுட்டிப் பெருமிதம் கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால், அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாயிற்று. பின்னர் பம்பாய், சென்னை, கான்பூர், டில்லி ஆகிய நகரங்களிலும் அதன் இளவல்கள் தோன்றின. 1959-இல் தொடங்கிய சென்னைக் கழகத்துக்குக் கிண்டியின் மான் உலவும் காடு கிடைத்தது; மூத்ததற்கோ மனிதரை அடைத்த மாளிகை கிடைத்தது.

வகுப்புகள் இடம் மாறிய பின்னும் பழைய மாளிகை இடிக்கப்படவில்லை. இன்று அது ஹிஜ்லித் தியாகிகள் பவனம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1990-இல் அதனுள் நேருவின் பெயரால் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறி முடித்தல் ஆகாது. கழகம் பிறந்த அதே 1950-இல், சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றமும் தடுப்புக்காவல் சட்டம் ஒன்றை இயற்றியது. காவல் வரம்பற்று நீளாதிருக்க அரசியல் அமைப்புச் சட்டம் சில காப்புகளைத் தந்துள்ளது என்பது மெய்யே. எனினும் ‘தடுப்புக்காவல்’ என்னும் சொல் நம் சட்ட ஏடுகளிலிருந்து மறைந்துவிடவில்லை. கட்டடத்தை மாற்றுவது எளிது. அதனை எழுப்பிய அச்சத்தை மாற்றுவது அரிது.

ஆகவேதான் அம்மாளிகை நிற்பது நன்று. எந்திரமும் மின்சாரமும் கற்று வெளியேறும் இளைஞர், அவற்றை ஆளும் கைகள் யாருடையவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருவர், குற்றம் இன்னதென்று கூறப்படாமலே, அங்கே உயிர் துறந்தனர் என்பதை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாக அந்தச் சுவர்கள் அவர்களுக்குச் சொல்லும்.