குறையுடைய வீரனும் மட்டக்களப்புக் களரியும்

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாய் இருத்தல் வேண்டும் என்று தண்டியலங்காரம் விதித்தது. ஆயினும் மக்கள் மனம் எந்நாளும் இலக்கண நூலாரின் விதிக்குள் அடங்கி நின்றதில்லை. குற்றமற்ற தலைவனைக் கைகூப்பி வணங்கிய அதே மக்கள், குற்றம் புரிந்து வீழ்ந்தவனுக்காகக் கண்ணீர் வடித்தார்கள். இராமனைத் தொழுதவர்கள் இராவணனின் வீழ்ச்சியைக் கண்டு நெஞ்சம் நெகிழ்ந்தார்கள். பாண்டவரின் பக்கமே அறம் நின்றது என்று நம்பியவர்கள் கர்ணனின் சாவைத் தம் வீட்டுச் சாவாக எண்ணி அழுதார்கள். பிழை செய்தவன் எவ்வாறு வீரனாகிறான்? சினிமாவைப் பற்றிப் பேசுவோர் இன்று அடிக்கடி எழுப்பும் இவ்வினாவுக்கு, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் பல தலைமுறைகளாகக் கூத்துக் களரியிலே விடை கண்டு வந்திருக்கிறார்கள்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே கடலை அடுத்த நிலம் எழுவான்கரை; மேற்கே வயல் சூழ்ந்த நிலம் படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் உள்ள ஊர்களில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துக்கள் ஆடப்பட்டு வருகின்றன. பாரத இராமாயணப் போர்க்கதைகளைப் பெரும்பாலும் வடமோடி எடுத்துக்கொள்ளும். கூத்தைப் பழக்குபவர் அண்ணாவியார். அவர் ஆடுவோரைத் தெரிந்து சட்டங் கொடுப்பதில் தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாகப் பல மாதங்கள் பயிற்சி நடைபெறும். அரங்கேற்ற நாளில் வட்டக்களரியைச் சுற்றி ஊரார் அமர்ந்திருக்க, மத்தளமும் தாளமும் முழங்க, விடியும்வரை கூத்து நிகழும்.

இக்களரிக்கு ஒரு தனி நெறி உண்டு. எந்தப் பாத்திரமாயினும் கதைக்குள் நுழையுமுன் வரவு ஆடுதல் வேண்டும். தருமனுக்கும் வரவு உண்டு. துரியோதனனுக்கும் வரவு உண்டு. இராமனைப்போலவே இராவணனும் தனக்குரிய தாளக்கட்டுக்கு ஆடி, தன் பெருமையைப் பாடி, சபையோர் முன் நிமிர்ந்து நிற்பான். கதை அவனுக்குத் தீர்ப்புக் கூறுமுன், களரி அவனுக்கு மதிப்பளித்து விடுகிறது. குறையுடையவன் வீரனாவதற்குரிய முதற்படி இதுவே. அவன் யார், எத்தகையவன், எவ்வளவு உயர்ந்தவன் என்பதை முதலில் அறிந்த பின்னரே அவன் செய்த பிழையைச் சபை அறிகிறது. சிறியவன் ஒருவனின் பிழை வெறுப்பையோ நகைப்பையோ தரும். பெரியவன் ஒருவனின் பிழையே அச்சத்தையும் இரக்கத்தையும் தரும். கிரேக்க அறிஞர் அரித்தாட்டில் துன்பியல் நாடகத்தின் தலைவன் முற்றிலும் நல்லவனாகவோ முற்றிலும் தீயவனாகவோ இருத்தல் ஆகாது என்றும், ஏதோவொரு பிழையால் வீழ்பவனாக இருத்தல் வேண்டும் என்றும் கூறியது இதனோடு ஒத்து நோக்கத்தக்கது.

தமிழ் மரபிலேயே இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்தார். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள் என்பது அவர் கருத்து. இந்நான்கனுள் அறவொழுக்கம் தனியே எண்ணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கொடையிலே கர்ணனுக்கு மிஞ்சியவர் இல்லை. கல்வியிலும் அஞ்சாமையிலும் புகழிலும் இராவணனுக்கு ஈடானவர் அரியர். ஆகவே அறத்தின் தராசில் தாழ்ந்தபோதும் பெருமிதத்தின் தராசில் இவர்கள் தாழவில்லை. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இழிவையும் இழப்பையும் தொல்காப்பியர் காரணங்களாகக் கூறினார். பெருமிதமும் அழுகையும் ஒருவனிடத்திலேயே வந்து கூடும்போது குறையுடைய வீரன் பிறக்கிறான்.

மேனாட்டு நாடகத்தையும் தமிழ் மரபையும் இவ்வாறு அருகருகே வைத்து நோக்கும் பணியைத் தொடக்கிவைத்தவரும் இவ்வாவிக்கரை நாட்டின் மைந்தரே. 1892 இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் நூலில், செகசிற்பியார் என்று தாம் பெயரிட்ட ஆங்கில நாடகப் பேராசிரியரின் பன்னிரு நாடகங்களை எடுத்து ஆராய்ந்தார்.

பின்னர், 1956 இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகம் என்னும் மரபுக் கூத்திலிருந்து 'மனமே' நாடகத்தை ஆக்கி மேடையேற்றியது நாட்டின் கலையுலகில் ஒரு விழிப்பை உண்டாக்கிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின்பால் தம் முயற்சியைத் திருப்பினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் துணையோடு 1962 இல் 'கர்ணன் போர்' மேடைக்கு வந்தது. 1963 இல் 'நொண்டி நாடகம்' வந்தது. அப்பத்தாண்டின் நடுவில் 'இராவணேசன்' வந்தது. பிற்பகுதியில் 'வாலிவதை' வந்தது. விடியவிடிய ஆடிய கூத்துச் சுருக்கப்பட்டு, பட்டினத்து மேடைக்கு ஏற்ற வடிவம் பெற்றது.

இந்நான்கு நாடகங்களின் தலைவர்களையும் ஒருசேர நிறுத்தி நோக்குவோர் ஓர் உண்மையைக் காண்பர். ஒருவனேனும் குற்றமற்றவன் அல்லன். நொண்டி நாடகம் என்பது தமிழில் பழைய இலக்கிய வகை. அதன் தலைவன் கணிகையிடம் பொருள் இழந்து, களவிலே புகுந்து, காலை இழந்து, இறைவனை வேண்டி மீண்டும் கால் பெறுபவன். அவன் தன் பிழையை உணர்ந்து திரும்பியவன். கர்ணன் தன் பிழையை உணர்ந்தும் திரும்பாதவன். இராவணன் பிறர் உணர்த்தியும் உணர மறுத்தவன். வாலியோ தம்பியின் மனைவியைக் கவர்ந்த குற்றமுடையவன். எனினும் மறைந்து நின்று எய்த அம்புக்கு நியாயம் கேட்கும் துணிவும் உடையவன்.

கர்ணன் கதையிலே சிந்திக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. தேர்ச்சக்கரம் மண்ணிற் புதைந்தபோது அவன் அருச்சுனனை நோக்கி, போர் அறத்தை நினைந்து பொறுத்திருக்குமாறு வேண்டுகிறான். அப்போது, திரௌபதியைச் சபையில் இழுத்து வந்த நாளில் உன் அறம் எங்கே போயிற்று, பாலகன் அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்ற நாளில் எங்கே போயிற்று என்று கண்ணன் கேட்பதாக வியாச பாரதம் கூறும். கர்ணன் மறுமொழி கூறவில்லை; நாணித் தலை கவிழ்கிறான். போருக்கு முன்னரே, துரியோதனனை மகிழ்விப்பதற்காகப் பாண்டவரைப் பற்றித் தான் கடுஞ்சொல் சொன்னதற்கு வருந்துவதாகவும் அவன் கண்ணனிடம் கூறியிருந்தான். உணர்ந்தவன் ஏன் திரும்பவில்லை? இழிந்த குலத்தவன் என்று உலகம் தள்ளிய நாளில் அரசு தந்து அணைத்தவனைக் கைவிட அவனால் இயலவில்லை. அவனை உயர்த்திய நன்றியே அவனைப் பிழையிலும் நிறுத்தியது. நற்குணமும் குற்றமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பதே இத்தகைய வீரனின் இலக்கணம். குற்றத்தை மட்டும் வெட்டியெறிய முனைந்தால் குணமும் சேர்ந்து பட்டுப்போகும்.

இக்கதையே 1964 தைப்பொங்கல் நாளிலே பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 'கர்ணன்' என்னும் வண்ணப்படமாக வந்தது. சிவாஜி கணேசன் கர்ணனாகவும் என். டி. ராமராவ் கண்ணனாகவும் நடித்தனர். 2012 இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோதும் மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். திரைப்படத்தின் வலிமை முகத்தை அண்மையிற் காட்டுவது. தாயை அறிந்தும் தாயோடு சேர இயலாதவனின் துயரத்தைக் கண்ணிலும் இதழிலும் அது காட்ட வல்லது. கூத்தின் வலிமையோ முழு உடலின் ஆட்டத்திலே உள்ளது. வழி வேறாயினும் இரண்டும் தொட்ட நெஞ்சம் ஒன்றே.

இதற்கு மாறான படம் ஒன்றையும் ஒப்பிடலாம். 1954 இல் எஸ். பாலசந்தர் இயக்கிய, பாடலே இல்லாத 'அந்த நாள்' படத்தில் அதே சிவாஜி கணேசன் வானொலிப் பொறியியலாளராக நடித்தார். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்னும் மனக்கசப்பால் பகைவருக்கு நாட்டு இரகசியங்களை விற்கும் பாத்திரம் அது. அவனுக்கும் திறமை உண்டு, காரணமும் உண்டு. ஆயினும் படம் பார்த்தவர் எவரும் அவனை வீரன் என்று போற்றவில்லை. தன் செயலின் விலையைப் பிறர் உயிர்களால் கொடுக்க அவன் துணிந்தான். கர்ணனோ தன் கவசத்தையும் குண்டலத்தையும் அரிந்து கொடுத்தான். நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் விடேன் என்று தாய்க்கு வாக்களித்துத் தன் உயிரையே அடகு வைத்தான். கதைத் தலைவன் வேறு, வீரன் வேறு என்பது இங்கே விளங்கும்.

இராவணன் கதை இதனினும் சிக்கலானது. ஈழத்திலே அவன் வெறும் கதைமாந்தன் அல்லன். வாவிக்கு வடக்கே திருகோணமலையிற் கோணேசர் கோயிலருகே மலைப்பிளவு ஒன்றை இராவணன் வெட்டு என்றும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தாய்க்குக் கடன் செய்ய அவன் உண்டாக்கியவை என்றும் மக்கள் கூறுவர். தமிழகத்திலே புலவர் குழந்தை 1946 இல் இயற்றிய 'இராவண காவியம்' அவனைக் குற்றமற்ற தமிழ்த் தலைவனாகவே படைத்தது. 1948 இல் சென்னை அரசாங்கம் அந்நூலைத் தடைசெய்தது. தடை 1971 இல் நீங்கியது. அது ஒரு கொள்கைப் போராட்டத்தின் படைப்பு. அதற்குரிய இடம் வரலாற்றில் உண்டு. ஆனால் மட்டக்களப்புக் களரியில் நின்ற இராவணன் குற்றம் நீக்கப்பட்ட இராவணன் அல்லன். பிறன் மனைவியைச் சிறை வைத்தவன் என்பதை மறைக்காமலே அவனைப் பெரியவனாகக் காட்டுவதுதான் கூத்தின் வழி.

இவ்வழிக்கு முன்னோடி கம்பர். முதல்நாட் போரிலே அனைத்தும் இழந்து வெறுங்கையனாய் இலங்கைக்குள் நடந்து வரும் இராவணன், தேவர் நகைப்பதை எண்ணி வருந்தவில்லை; சீதை நகைப்பாளே என்று நாணுகிறான் என்று கம்பர் பாடினார். அந்த நாணம் ஒன்றே அவனை அரக்கனிலிருந்து மனிதனாக்கி விடுகிறது. 'இராவணேசன்' நாடகத்தை எழுதி, அதில் இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு, அமிர்தகழியைச் சேர்ந்தவர்; வந்தாறுமூலைப் பள்ளியிலே கூத்துப் பயின்றவர். மகனையும் தம்பியையும் இழந்தும் பணிய மறுத்துப் போர்க்களம் புகும் இராவணனின் மனப்போராட்டத்தையே அந்நாடகம் மையமாகக் கொண்டது.

பிற்காலத்திலே கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மௌனகுரு அந்நாடகத்தை மீண்டும் மேடையேற்றியபோது, மண்டோதரியின் பாத்திரத்துக்கு முன்னிலும் கூடிய அழுத்தம் கொடுத்தார். இம்மாற்றம் சிறியதன்று. 1983 முதல் 2009 வரை நீண்ட போரைக் கண்ட நாடு இது. வாவியின் இரு கரைகளிலும் பிள்ளைகளை இழந்த தாய்மார் வாழ்கின்றனர். அரசன் ஒருவனின் மானத்துக்காக வீழ்ந்தோரின் கணக்கைக் கேட்கும் உரிமை மண்டோதரிக்கு உண்டு என்பதை அச்சபை நன்கு அறியும். வீரனின் பெருமையைப் பாடும் களரியிலேயே அவனால் விளைந்த அழிவைச் சொல்லும் குரலும் ஒலித்தல் வேண்டும். அக்குரல் இல்லையாயின் அது வீர வரலாறு ஆகாது. வெறும் புகழ்மாலையே ஆகும்.

வாவிக்கரை மக்கள் இதை வேறொரு வழியிலும் காத்து வந்தனர். கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயில் உண்டு. ஆண்டுதோறும் 18 நாட்கள் பாரதக் கதை அங்கே சடங்காக நிகழ்த்தப்படும். பாண்டவர் வேடம் பூண்டோர் வனவாசம் செல்வர். விழா தீமிதிப்போடு நிறைவுறும். சபையிலே அவமதிக்கப்பட்ட பெண் அங்கே தெய்வம். அவளை அவமதித்த சபையில் இருந்தவன், அதே நிலப்பரப்பின் கூத்துக் களரியிலே கண்ணீருக்குரிய வீரன். தெய்வத்துக்கு முன் நெருப்பில் நடக்கும் மக்களே கர்ணனின் சாவுக்கும் கலங்குகின்றனர். இதனை முரண்பாடு என்று ஒதுக்குதல் எளிது. ஆனால் இரண்டு கடமைகளை ஒருங்கே ஏற்றுக்கொண்ட சமுதாயத்தின் முதிர்ச்சி இது எனக் கொள்வதே பொருந்தும். துன்புற்றவளின் வழக்கை மறவாமை ஒரு கடமை; துன்பம் செய்தவனிடத்தும் மனிதத்தைக் காணுதல் மற்றொரு கடமை. ஒன்றைப் பேணுவதற்காக மற்றொன்றைக் கைவிட அவர்கள் உடன்படவில்லை.

திரைப்படங்களில் குறையுடைய தலைவர்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வுரைகல் பயன்படும். பிழை செய்தவனைத் தலைவனாக்குவது எந்தக் கதாசிரியனுக்கும் எளிது. அவனிடம் பெருமிதம் உண்டா, அவன் பிழையை அவன் முகத்துக்கு நேரே சொல்வார் கதையில் உண்டா, அப்பிழையின் விலையை அவனே செலுத்துகின்றானா என்று சபையோர் கேட்டல் வேண்டும். கண்ணனின் கேள்விக்குக் கர்ணன் தலை கவிழ்ந்தான். அந்தத் தலைகவிழ்வைக் காட்டத் துணிந்த களரியிலேதான் அவன் வரவு ஆட்டத்தின் நிமிர்வும் பொருளுடையதாயிற்று.