அப்பாவின் சீனி போடாத காப்பி

போன மாசம் கொட்டாம்பட்டிக்குப் போயிருந்தப்ப அப்பா குளுக்கோமீட்டரை நீட்டினார். "சீனியே போடலடா. வெறும் காப்பிதான். அப்புறம் எப்பிடி ஏறுது?" பதில் தெரியாம முழிச்சேன். பதிவு போடுற ஆளுக்கு இது அவமானமில்லையா? தோண்டிப் பார்த்தேன்.

நம்ம ஊருக்குக் காப்பியே புதுசுதான். ஆ. இரா. வேங்கடாசலபதி இதுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னே ஒரு புத்தகம் போட்டிருக்கார். எங்க அப்பத்தாவுக்குக் காலையில நீராகாரம்தான், அப்பா தலைமுறையில காப்பி. சர்க்கரை நோய்க்குத் தனி கிளினிக்கும் அப்படிப் பழசு இல்லை. சென்னை ஸ்டான்லியில் டாக்டர் எம். விஸ்வநாதன் அதைத் தொடங்கினது 1948-ல்.

காப்பிக்குள்ள இருக்கிற கஃபீனை 1819-லேயே ரூங்கே என்கிற ஜெர்மன்காரர் பிரிச்செடுத்துட்டார். கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னது கவிஞர் கதே! (கவிஞர்களாலும் சில நல்லது நடக்குது.)

ஆனா அது சர்க்கரையை என்ன செய்யும்? இங்கேதான் குழப்பம். 2002-ல் லான்செட்டில் ஒரு ஆய்வு வந்தது. நெதர்லாந்தில் 17,000 பேர். ஒரு நாளைக்கு ஏழு கோப்பைக்கு மேல குடிச்சவங்களுக்கு, ரெண்டுக்குள்ள நிறுத்தினவங்களைவிட சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு பாதிதான். அப்பா இதைப் படிச்சா ஃபில்டரைக் கட்டிப்பிடிச்சுக்குவார்.

ரெண்டே வருஷத்தில், 2004-ல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லேன் குழு வேற மாதிரி பார்த்தது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிற, காப்பி பழகின 14 பேர். பாலும் இல்லை, சீனியும் இல்லை, கஃபீன் மாத்திரை மட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை 21 சதவீதம் கூடுதலா ஏறுச்சு. கஃபீன் அட்ரினலினைக் கிளப்பி விடுது, தசைகள் சர்க்கரையை இழுத்துக்கிறது மந்தமாகுது. அதான் விஷயம்.

ரெண்டும் முரண் இல்லைங்க. முதல் ஆய்வு, நோய் வராதவங்களைப் பல வருஷம் பார்த்தது. ரெண்டாவது, வந்தவங்களைச் சில மணி நேரம் பார்த்தது. கஃபீன் நீக்கின காப்பி குடிக்கிறவங்களுக்கும் நோய் குறைவா வருதுன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டுறதால, அந்த நல்லதைச் செய்யுறது கஃபீனா இருக்காது. அப்பாவுக்குப் பொருந்துறது ரெண்டாவது. போதாக்குறைக்குப் பாலிலும் சர்க்கரை இருக்கு.

இன்னொன்னும் அப்பதான் தெரிஞ்சுது. வெறும் வயித்து டெஸ்டுக்குப் போறப்பவும் மனுஷன் ஒரு டம்ளர் குடிச்சிட்டுத்தான் போயிருக்கார். "சாப்பிடாமத்தானே போனேன்?"

ஒரு வாரம் காப்பி இல்லாம அளந்து பார்க்கிறதுன்னு பேசி முடிச்சோம். மூணாம் நாள் காலையில ஆளைக் காணோம். தேடிப் போனா, திருச்சி ரோட்டுக் கடையில உக்காந்திருக்கார். "டீதான்டா!"

அதிலயும் கஃபீன் இருக்குன்னு இன்னும் சொல்லலை.