ஓலையின் கடைசி வரி



என்னிடம் படித்த ஒருவன் பகலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறான். இரவில் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறான். புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் அவன் பெயர் வந்ததாம். "பேர் போட்டா அரிசி வருமா?" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். வராதுதான். ஆனால் அவன் பகலில் செய்யும் பொருளில் பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கும். அவன் பெயர் இருக்காது. இங்கே இருக்கிறது.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் ஏடு எழுதியவர்கள் பலர், கடைசி ஓலையில் ஆண்டு, மாதம், தம் பெயர் எழுதித்தான் முடித்தார்கள். பிழை பொறுக்கும்படி வேண்டியவர்களும் உண்டு.

பிறகு அச்சு வந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தவர், ஏடு தந்து உதவியவர்களை முகவுரையில் பெயர் சொல்லிக் குறித்தார். அவர்கள் ஒரு வரிகூட எழுதியவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் கொடுக்காவிட்டால் நூல் ஏது? (நாம்தான் முகவுரையைத் தள்ளிவிட்டு நேரே பாட்டுக்குப் போய்விடுகிறோம்!)

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், 1994 மார்ச்சில் 1.0 பதிப்பாக வந்தபோது, பங்களித்தோர் பெயர்க்கோப்பும் நிரலோடு சேர்ந்தே வந்தது. 2005இல் அவரே உருவாக்கிய 'கிட்' கருவி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று தனித்தனியே பதிகிறது. பிழையைச் சொன்னவர், சோதித்தவர், சரிபார்த்தவர் ஆகியோருக்கும் லினக்ஸில் தனி வரி உண்டு. லிப்ரே ஆபிஸ் வெளியீட்டுக் குறிப்பில் புதிய வசதியின் பக்கத்திலேயே அதைச் செய்தவர் பெயரைக் காணலாம்.

தமிழில் எனக்கு மிகவும் பிடித்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் உள்ளிட்டு இலவசமாகத் தருகிறார்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நூலின் தொடக்கத்திலேயே இருக்கும். எழுத்துருவும் குறியீட்டு முறையும் மாறி இன்று ஒருங்குறிக்கு வந்துவிட்டோம். அந்தப் பெயர்களும் கூடவே வந்துவிட்டன.

ஒரு குறை சொல்ல வேண்டும். இப்போது சில இடங்களில் பட்டியலை இயந்திரமே தயாரிக்கிறது. அது நிரல் எழுதியவரை மட்டும் எண்ணும். மொழிபெயர்த்தவரும் பிழை கண்டு சொன்னவரும் விடுபட்டுப் போவார்கள். நம் ஆண்டு விழா அழைப்பிதழில் 'மற்றும் பலர்' என்று போடுவோமே, அதில்கூட இவர்களுக்கு இடமில்லை! பதிப்பை வெளியிடுபவர் உட்கார்ந்து, யார் யார் உதவினார்கள் என்று கேட்டுக் கையால் சேர்த்தால்தான் உண்டு. அரை மணி நேர வேலை.

உங்களில் யார் பெயராவது இப்படி ஒரு குறிப்பில் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, நீங்கள் செய்தது என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒருவேளை விடுபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.