தேர்வு என்ற சொல்லின் இரு பொருள்கள்: இந்தியாவில் மருத்துவக் கல்லூரி இடம் யாருக்கு என்று முடிவான வரலாறு

தமிழில் 'தேர்வு' என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பலருள் ஒருவரைத் தெரிந்தெடுப்பதும் தேர்வு. வினாத்தாள் கொடுத்து விடை வாங்குவதும் தேர்வு. பின்னதற்கு ஒரு காலத்தில் 'பரீட்சை' என்ற தனிச்சொல் பெருவழக்காக இருந்தது. அது ஒதுங்க, இரு பொருளும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. வினாத்தாளுக்கு விடை எழுதுவதும் இடத்துக்கு ஆள் தெரிவதும் ஒன்றே என்ற எண்ணம் இன்று வெகு இயல்பாகத் தோன்றுகிறது. இந்த இயல்பு உருவாவதற்கு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் இடங்களைப் பங்கிடப் பல அளவுகோல்கள் வந்தன, சில விலக்கப்பட்டன, சில வேறு பெயரில் திரும்பி வந்தன.

இந்த வரலாற்றைப் பின்தொடர மூன்று கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது பயன்தரும். மருத்துவம் படிக்கத் தகுதியுடையவர் யார்? தகுதியுடையவர் பலராகவும் இடங்கள் சிலவாகவும் இருக்கும்போது எவருக்கு இடம்? இவ்விரண்டையும் முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு? வழக்குகளிலும் அரசாணைகளிலும் இம்மூன்றும் பெரும்பாலும் கலந்தே வருகின்றன.

1950ஆம் ஆண்டின் சென்னை மாநிலத்திலிருந்து தொடங்கலாம். அன்று அங்கே இருந்தவை நான்கு மருத்துவக் கல்லூரிகள். மொத்தம் 330 இடங்கள். அவற்றில் 17 வெளிமாநிலத்தவர்க்கு; 12 அரசின் விருப்புரிமைக்கு. எஞ்சியவை நான்கு மாவட்டத் தொகுதிகளுக்கிடையே பகிரப்பட்டன. ஒவ்வொரு தொகுதியிலும் வகுப்புவாரி ஆணைப்படி 14 இடங்களுக்கு ஒரு சுற்று: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய ஆணையின் சொல்லில் 'ஹரிஜனங்களுக்கு' 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த முறை மதிப்பெண்ணைப் புறக்கணித்ததாகப் பின்னாளில் பலர் எழுதினார்கள். உண்மையில் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் முன்னவர் பின்னவர் என்பதை மதிப்பெண்ணே முடிவு செய்தது. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பதை மட்டும் ஆணை வரையறுத்தது.

செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கு இந்த ஒப்பீட்டு எல்லையைத்தான் உடைத்தது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பித்திருக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிடுகிறது. ஆயினும் வழக்கு ஏற்கப்பட்டது. 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றன. அரசின் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணங்களால் மட்டும் எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்ற 29(2)ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. சென்னை மாநிலத்தில் கிளர்ச்சி எழுந்தது. இரண்டே மாதத்தில், 1951 ஜூன் 18 அன்று, அரசமைப்பின் முதல் திருத்தம் 15(4)ஆம் பிரிவைச் சேர்த்தது. ஒரு கல்லூரிச் சேர்க்கை விவகாரம் அரசமைப்பையே திருத்த வைத்தது என்பதைப் பலரும் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாதது வேறொன்று: மாவட்டத் தொகுதிகளும் விருப்புரிமை இடங்களும் அதே சேர்க்கை முறையின் பகுதிகளே. வழக்கின் வெளிச்சம் அவற்றின்மீது விழவில்லை.

அவற்றின்மீது வெளிச்சம் விழச் சில ஆண்டுகள் ஆயின. 1960களில் மையம் மைசூருக்கு நகர்ந்தது. பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் 68 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கிய மைசூர் அரசின் ஆணையை 1962இல் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் விலக்கியது. ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு அங்கேதான் பிறந்தது. 1964இல் அதே மாநிலத்திலிருந்து சித்ரலேகா வழக்கு வந்தது. இம்முறை கேள்வி சாதியைப் பற்றி மட்டுமன்று, நேர்காணலைப் பற்றியும். விருப்பப் பாடங்களின் உச்ச மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு நேர்காணலுக்கு. பொது அறிவு, ஆளுமை, தேசிய மாணவர் படை, விளையாட்டு, சொற்போர், நாடகம் முதலியன அங்கே எடைபோடப்பட்டன. பெரும்பான்மை நீதிபதிகள் இதை ஏற்றனர். நீதிபதி முதோல்கர் உடன்படவில்லை. சொற்போர் மன்றமும் நாடக மேடையும் எந்த ஊர்ப் பள்ளிகளில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நேர்காணல் எவர்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதும் விளங்கும்.

சென்னையில் வேறு இரு அளவுகோல்கள் வீழ்ந்தன. மக்கள்தொகைக்கேற்ப மாவட்டவாரியாக இடங்களைப் பிரித்த விதியை 1968இல் ராஜேந்திரன் வழக்கு தள்ளியது. அதே தீர்ப்பு பின்தங்கிய வகுப்பினர் பட்டியலை ஏற்றுக்கொண்டது. ஆகச் சமூகப் பின்னடைவை அளவுகோலாக்கலாம், அந்த விதி செய்தபடி ஊர்ப்புறப் பின்னடைவை ஆக்க முடியாது என்ற நிலை உருவாயிற்று. 1970 செப்டம்பரில் பெரியகருப்பன் வழக்கு நேர்காணலைத் தொட்டது. தமிழ்நாட்டில் அன்று பாடங்களுக்கு 200 மதிப்பெண், நேர்காணலுக்கு 75. கல்லூரிகளை ஆறு அலகுகளாகப் பிரித்து, அலகுக்கொரு குழு விண்ணப்பதாரர்களைத் தெரிந்தது. ஒரு குழுவின் 60 மதிப்பெண்ணும் இன்னொரு குழுவின் 60 மதிப்பெண்ணும் ஒன்றா என்ற எளிய கேள்விக்கு அந்த முறையில் விடை இல்லை. அலகுவாரித் தேர்வு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஸ்ரீநகர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கு 1980இல் நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கலாகாது என்றது. அதன் பின் அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணல் பெரும்பாலும் தலையெடுக்கவில்லை.

நேர்காணல் ஊழலுக்கும் சாய்வுக்கும் இடம் தந்தது; அது விலகியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஆயினும் நோயாளியிடம் ஒருவர் எப்படிப் பேசுவார், எங்கே சென்று பணியாற்ற விரும்புகிறார் என்று கேட்கும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற மிகச் சில நிறுவனங்களே நேர்காணலையும் பணி ஒப்பந்தத்தையும் சேர்த்து ஒரு தேர்வு முறையாக வளர்த்தன.

சாதிவாரிப் பங்கு உடைந்தது, மாவட்டப் பங்கு உடைந்தது, நேர்காணல் சுருங்கிற்று. எஞ்சியது மதிப்பெண். அங்கே புதிய சிக்கல் முளைத்தது: ஒரு பல்கலைக்கழகத்தின் மதிப்பெண்ணையும் இன்னொன்றின் மதிப்பெண்ணையும் எப்படி ஒப்பிடுவது? 1984 ஜூன் 22 அன்று பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி இதை நாடு தழுவிய கேள்வியாக்கினார். மாநிலத்தவர் என்ற காரணத்துக்காக எல்லா இடங்களையும் ஒதுக்கலாகாது, எம்.பி.பி.எஸ். இடங்களில் 30 விழுக்காடு நாடு முழுமைக்கும் திறந்திருக்க வேண்டும் என்றார். 1986இல் தினேஷ் குமார் வழக்கு இதை மொத்த இடங்களில் 15 விழுக்காடு என மாற்றி, அனைத்திந்திய நுழைவுத் தேர்வு ஒன்றைக் கட்டாயமாக்கியது. 1988 முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அதை நடத்தியது. மருத்துவருக்குரிய இயல்பைக் கண்டறியும் கருவியாக அந்தத் தேர்வு வடிவமைக்கப்படவில்லை. வெவ்வேறு தராசுகளில் நிறுத்தவற்றை ஒரே தராசில் மறுபடி நிறுக்கும் ஏற்பாடாகவே அது வந்தது. இந்த வேறுபாடு பிற்காலத்தில் மறக்கப்பட்டது.

அதே 1984இல் தமிழ்நாடும் தன் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதை விலக்கியது. 2005லும் 2006 தொடக்கத்திலும் செய்த முயற்சிகளை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கைக்குப் பின் 2006இல் இயற்றி, 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம் நிலைத்தது. அதன் நுட்பம் ஒரு கணக்கில் இருக்கிறது. மாநில வாரியத்தில் இயற்பியலின் முதல் மதிப்பெண் 100 என்றும் வேறொரு வாரியத்தில் அது 90 என்றும் கொள்வோம். சட்டம் இரண்டையும் 100 எனச் சமமாக்கும். அந்த வேறு வாரியத்தில் 60 வாங்கியவர் 66.66 வாங்கியவராகக் கருதப்படுவார். இந்தக் கணக்கில் குறையுண்டு. முதலிடத்தை மட்டும் சமமாக்கினால் நடுவிலும் கீழிலும் உள்ள பரவல் சமமாகிவிடாது. ஆனாலும் ஒப்பீட்டுச் சிக்கலுக்குப் புதுத் தராசு செய்வது மட்டுமே தீர்வன்று, பழைய தராசுகளுக்கிடையே மாற்று விகிதம் காண்பதும் ஒரு தீர்வு என்பதைச் சட்ட வடிவில் காட்டிய முயற்சி அது.

இதற்கிடையே பணம் தனிப் பாதை போட்டுக்கொண்டிருந்தது. 1953இல் மணிப்பாலில் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்வி பிற்காலத்தில் கருநாடகமெங்கும் பெருகியது. 1992இல் மோகினி ஜெயின் வழக்கு வந்தபோது, தனியார் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய், கருநாடக மாணவர்க்கு 25,000, வெளிமாநிலத்தவர்க்கு 60,000 வரை. 1993இல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு பாதி இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கும் பாதியை உயர் கட்டணத்துக்கும் எனப் பிரித்தது. 2002இல் பதினொரு நீதிபதிகள் அடங்கிய டி.எம்.ஏ. பாய் அமர்வு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கல்லூரிகள் தனித்தனியே தேர்வு நடத்தின. கட்டாய நன்கொடை தொடர்ந்தது. அரசு நடத்திய தேர்வும் தூய்மையாக இல்லை. மத்தியப் பிரதேசத்தின் வியாபம் ஊழலில் 2008 முதல் 2012 வரை சேர்ந்த 634 பேரின் சேர்க்கையை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

நீட் பிறந்த பின்னணி இது. 2010 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் அறிவிக்கை வெளியிட்டது; 2013 மே 5 அன்று முதல் தேர்வு நடந்தது; ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. 2016 ஏப்ரல் 11 அன்று அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டது. 2013இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஏ.ஆர். தவேயே 2016 அமர்வுக்குத் தலைமை தாங்கினார். மாநில அரசு இடங்களுக்கு ஓராண்டு விலக்களித்த அவசரச் சட்டம் முடிந்ததும், 2017இல் நீட் முழுமையாக வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்து, உச்ச நீதிமன்றம் வரை சென்ற அரியலூர் மாணவி அனிதா அந்த ஆண்டு செப்டம்பரில் உயிர் நீத்தார். ஒரு தராசு மாறுவதென்றால் அதற்கு முந்தைய தராசை நம்பி உழைத்தவர்க்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. அதே ஆண்டு வேலூர்க் கல்லூரி எதிர்ப்பைத் தெரிவித்துத் தன் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. 2020 ஏப்ரலில் அதன் வழக்கும் தள்ளுபடியானது. 1976இன் 42ஆம் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியபோது திறந்த கதவு, மூன்றாம் கேள்விக்கு மத்திய அரசு என்ற விடையைக் கொண்டுவந்து சேர்த்தது.

நீட்டின் முழுப் பெயரே இரு செயல்களை இணைக்கிறது: தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு. தகுதி என்பது ஒரு வாசற்படி, தாண்டினால் போதும். நுழைவு என்பது வரிசை, முன்னவருக்கே இடம். வாசற்படியைப் பர்சன்டைல் கணக்கில் வைத்ததால், பொதுப் பிரிவில் தேர்வெழுதியோரில் கீழ்ப் பாதியினரைக் கடந்தவர் எல்லாரும் 'தகுதியுடையவர்'. அவர்களுள் அரசு இடம் எட்டாதவர்க்குத் தனியார் இடங்கள் உள்ளன. அங்கே அடுத்த சல்லடை கட்டணம். பல லட்சம் செலுத்த இயலாத முன்வரிசை மாணவர் விலக, செலுத்த இயன்ற பின்வரிசை மாணவர் உள்ளே செல்கிறார். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டின் வாசற்படி பூச்சியம் பர்சன்டைலாகக் குறைக்கப்பட்டது. காலியிடங்களை நிரப்பவேண்டிய நிலை வந்ததும், தகுதி எனப்பட்டது நகர்த்தக்கூடியதாயிற்று. 2024இல் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக அறிவிப்பு வந்தது. ஒரு வினாவின் விடையும் கருணை மதிப்பெண்களும் திருத்தப்பட்டதும் அது 17 ஆனது. உச்சியில் இவ்வளவு நெருக்கடி இருக்கையில் ஒற்றை வினாவின் மதிப்பு ஒருவரின் கல்லூரியையே மாற்றிவிடும்.

மொழியியல் நோக்கில் 2018 தனியே குறிக்கத்தக்கது. அவ்வாண்டின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்று, வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது தேர்வின் விதி. அவ்விதிப்படி தமிழ்ப் பிரதி ஓர் உதவிக் குறிப்பு மட்டுமே; அதை நம்பிப் படித்தவர் பிழையின் சுமையைத் தாமே ஏற்கவேண்டும். பொதுத் தராசு என்ற கருத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை, ஏனெனில் ஒரே வினாத்தாள் என்பது எல்லா மொழியிலும் ஒரே வினா என்ற அனுமானத்தின்மேல்தான் நிற்கிறது.

2020இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. 2022இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதன் அமைப்பு 1950ஐ நினைவூட்டுகிறது: நீட் மதிப்பெண்ணே வரிசையைத் தீர்மானிக்கும், ஆனால் அரசுப் பள்ளி மாணவர் அரசுப் பள்ளி மாணவரோடு ஒப்பிடப்படுவார். 2020 ஆகஸ்டில் அரசமைப்பு அமர்வு, முதுநிலைப் படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்கும் மாநில உரிமையை ஏற்றது. ஊர்ப்புறத்தில் ஆற்றிய பணியும் ஓர் அளவுகோலாகலாம் என்பதற்கு அது வழிவிட்டது. ஒப்பீட்டு எல்லை, பணி விருப்பம் என்று முன்பு வெளியேறியவை வேறு கதவுகளால் திரும்புகின்றன.

நீட் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரு அணி விவாதத்தில் தகுதி என்ற சொல் எப்போதும் ஒரே பொருளில் இருந்தது போலப் பேசப்படுகிறது. ஆவணங்கள் காட்டுவது வேறு. 1950இல் அது வகுப்புக்குள் மதிப்பெண். 1964இல் மதிப்பெண்ணோடு சொற்போரும் விளையாட்டும். 2007இல் சமன்படுத்திய பள்ளி மதிப்பெண். இன்று மூன்று மணிநேரத்து ஒற்றைத் தாள். ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைத் தீர்க்க வந்தது; தன் குறையைத் தானே கொண்டுவந்தது. இவற்றுள் எது நல்ல மருத்துவர்களை எந்த ஊர்களுக்குக் கொடுத்தது என்பதைச் சேர்க்கைப் பட்டியல்கள் சொல்லா. ஒவ்வொரு முறையிலும் சேர்ந்தவர்கள் பின்னர் எங்கே பணியாற்றினார்கள், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்ற கணக்குகளோடு அப்பட்டியல்களை இணைத்துப் படிக்கும் ஆய்வே அந்தக் கேள்விக்கு விடை தரும். அத்தகைய ஆய்வுகள் பெருகும்வரை, எந்த முறை சிறந்தது என்ற வாதம் நீதிமன்றங்களின் சொற்களைக் கொண்டே நடந்துகொண்டிருக்கும்.